வித்தெண்: 'ரேண்டம் சீட்' என்பதற்குத் தமிழ்

கணினி தரும் ரேண்டம் எண்கள் ஒரு கணக்கின் விடைகள்தாம். அந்தக் கணக்கைத் தொடங்கிவைக்கும் எண்ணே சீட். அந்தக் கணக்கைச் செய்யும் நிரல்தான் எண்ணாக்கி. அதே எண்ணாக்கிக்கு அதே சீட் கொடுத்தால் அதே வரிசை மறுபடி வரும்.

ரேண்டம் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தறிகெட்ட ஓட்டம் என்று பொருள். நம் பாடநூல்களில் 'சமவாய்ப்பு', இலங்கையில் 'எழுமாற்று'. மழையளவுக்குச் சமமான வாய்ப்பு ஏது? எழுமாற்றே மேல். சீடை 'விதை' என்றால் டெல்டாவில் நெல் ரகம்தான் நினைவுக்கு வரும். குறுவை அறிக்கையில் 'விதை 43' என்று எழுதினால் ஆடுதுறை 43 என்றே படிப்பார்கள். 'வித்தெண்' என்றால் அந்தக் குழப்பமில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதையும் ஜூலை 1-இல் திறப்பதையும் கணினியில் உருவாக்கிய 1,000 பாவனைப் பருவங்களில் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே வித்தெண் இட வேண்டும். மழையும் நீர்வரத்தும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான், விளைவில் தெரியும் வேறுபாடு திறப்புத் தேதியுடையது. ஆனால் ஜூலை ஓட்டம் எங்காவது ஓர் எண்ணைக் கூடுதலாக எடுத்துவிட்டால் அதன்பின் வரிசை முழுக்க ஓரிடம் நழுவும். அங்கே மழைக்குப் போன எண் இங்கே நீர்வரத்துக்குப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் மழைக்குத் தனி எண்ணாக்கி, நீர்வரத்துக்குத் தனி. பைத்தான் மொழியின் எண்கணித நூலகமான நம்பையில் சீட்சீக்வென்ஸ் என்ற கருவியின் 'ஸ்பான்' ஒரே மூல வித்தெண்ணிலிருந்து இவற்றைக் கிளைத்துத் தரும்.

கணினிச் செயலியின் 8 கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டும்போதும் இதே வழிதான். கடிகார நொடியை வித்தெண்ணாக்கினால், ஒரே நொடியில் தொடங்கிய எட்டும் ஒரே வரிசையைத் தரும். 8,000 பருவம் என்று நம்புவது 1,000 பருவம்தான். ஒவ்வொரு பருவத்துக்கும் சுற்றுக்குள்ளேயே அதே வித்தெண் இடுவது இன்னும் மோசம்: மிஞ்சுவது ஒரே பருவம்.

எண்ணாக்கியே சொத்தையானால் வித்தெண் என்ன செய்யும்? 65539-ஐப் பெருக்கெண்ணாகக் கொண்ட ராண்டு என்ற பழைய எண்ணாக்கி தரும் எண்களை மும்மூன்றாகக் குறித்தால் எல்லாம் 15 தளங்களுக்குள் அடங்கிவிடும். பைத்தானின் ரேண்டம் தொகுதியிலும் ஆர் என்ற புள்ளியியல் மொழியிலும் இயல்பாக இருக்கும் மெர்சென் ட்விஸ்டர் எண்ணாக்கி இந்த வேலைக்குப் போதும். புதிதாகத் தொடங்குவோருக்கு நம்பை 1.17 முதல் வந்த பிசிஜி64 எண்ணாக்கி.

அறிக்கையில் வித்தெண்ணோடு எண்ணாக்கியின் பெயரையும் மென்பொருள் பதிப்பையும் எழுதுங்கள். 2019-இல் ஆர் 3.6.0 பதிப்பு, 'சாம்பிள்' கட்டளை எண் எடுக்கும் முறையை மாற்றியது; பழைய வித்தெண்ணுக்குப் பழைய விடை வேண்டுமானால் 'சாம்பிள்.கைண்ட்' என்ற அமைப்பை 'ரவுண்டிங்' ஆக்க வேண்டும்.