மெத் இல்லையென்றால் 10 டாலர்: கலிஃபோர்னியாவின் பரிசுச் சிகிச்சை

ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் போன்ற மருந்துகள் உண்டு. மெத் (மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள்), கோகெய்ன் பழக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது. கைவசம் இருப்பது நடத்தைச் சிகிச்சைதான். அதில் ஆய்வுகள் அதிகம் ஆதரிக்கும் முறை, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது: போதை எடுக்காத நாளுக்குப் பரிசு.

கலிஃபோர்னியா இதை 2023-இல் மெடி-கால் காப்பீட்டில் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சேர்த்தது. அமெரிக்காவில் இதற்கு ஒன்றிய அரசின் அனுமதி பெற்ற முதல் மாநிலம் அதுதான். திட்டத்தின் பெயர் ரெகவரி இன்சென்டிவ்ஸ்.

மொத்தம் 24 வாரம். முதல் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை மையத்துக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். முடிவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மெத்தோ கோகெய்னோ இல்லையென்றால், அங்கேயே 10 டாலருக்குக் கிஃப்ட் கார்டு. விடாமல் தாக்குப்பிடித்தால் தொகை வாரத்துக்கு ஒன்றரை டாலர் ஏறும். 12-ஆம் வாரத்தில் ஒரு சோதனைக்கு 26.50 டாலர். அப்புறம் வாரத்துக்கு ஒரு சோதனை, தொகையும் குறையும். ஒன்றுகூடத் தவறாதவருக்கு மொத்தம் 599 டாலர், திட்டம் தொடங்கியபோது வகுத்த கணக்குப்படி. 600-க்கு ஒரு டாலர் ஏன் குறைத்தார்கள்? அப்போதைய விதிப்படி 600-ஐத் தொட்டால் வருமான வரிப் படிவ வேலை வந்து சேர்ந்திருக்கும்.

நடுவில் சறுக்கினால்? அன்றைக்குப் பரிசு இல்லை, அடுத்தது மறுபடி 10 டாலரிலிருந்து. ஆனால் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. அடுத்தடுத்து இரண்டு சோதனையில் தேறினால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். என் கணிப்பில் திட்டத்தின் உயிர்நாடியே இந்த விதிதான். ஏறிய படி வீணாகவில்லை என்று தெரிந்தால்தான் விழுந்தவர் மறுநாள் மையத்துக்கு வருவார்.

"போதைக்காரருக்கு அரசுப் பணமா?" என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. ரொக்கம் கொடுப்பதில்லை, கார்டில் மது, புகையிலை, கஞ்சா, லாட்டரிச் சீட்டு வாங்க முடியாது.

சரி, யார் சேரலாம்? மெடி-கால் இருக்க வேண்டும், ஊக்கி போதைப் (மெத், கோகெய்ன் போன்றவை) பழக்கம் மிதமானது அல்லது கடுமையானது என்று கண்டறிந்திருக்க வேண்டும், வசிக்கும் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இது கிடையாது. 24 வாரம் முடிந்த பிறகும் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிகிச்சையும் ஆதரவும் தொடரும், பரிசு இல்லாமல்.