இரட்டைக் கிளிக்குக்கு முன்: எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும்?

சிறு அலுவலகங்களுக்குக் கணினி பராமரித்துத் தருவது என் தொழில். புதிதாக ஒரு கணினி என் பொறுப்புக்கு வந்தால், வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் முன்பே, எந்த வகைக் கோப்பு எந்தச் செயலியில் திறக்கிறது என்று பார்ப்பேன். பலர் இதை வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே நினைக்கிறார்கள். படமோ பாட்டோ என்றால் அப்படித்தான். எதில் திறந்தாலும் நஷ்டமில்லை. எல்லாக் கோப்புகளும் அப்படியல்ல.

இரட்டைக் கிளிக் செய்ததும் விண்டோஸ் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வதில்லை. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் சில எழுத்துகளைப் பார்க்கிறது. அவற்றுக்கு என்று குறித்துவைத்த செயலியை அழைக்கிறது. இவ்வளவு முக்கியமான அந்த எழுத்துகளைத்தான் விண்டோஸ் வழக்கமாக நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறது.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸுக்கு இதுவே வாசலாக இருந்தது. மின்னஞ்சலில் வந்த காதல் கடிதத்தின் பெயர் 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசித் துண்டு மறைந்துபோனதால் அது சாதாரண எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. திறந்தவர்கள் படித்தது கடிதமல்ல. ஒரு நிரலை ஓடவிட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவது. விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு கோப்புறையைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' போன்ற வேடங்கள் அந்த நிமிடமே கலைந்துவிடும். இஎக்ஸ்இ என்று முடிவது ஆவணமல்ல, ஓடும் செயலி.

அடுத்தது ஜேஎஸ், விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப் என்று முடியும் சிறு நிரல் கோப்புகள். இன்வாய்ஸ், கூரியர் ரசீது என்ற பெயர்களில் ஜிப்புக்குள் ஒளிந்து வருபவை இவை. ஜேஎஸ் கோப்பு பிரவுசரில் திறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இரட்டைக் கிளிக் செய்தால் வழக்கமான விண்டோஸில் அது 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' வழியாக நேரடியாக ஓடும். உங்கள் கோப்புகளைத் தொடவும் அதனால் முடியும். 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்' என்று போய், இந்த வகைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து நோட்பேடுக்கு மாற்றுங்கள். பிறகு யாராவது தவறிக் கிளிக் செய்தாலும் எழுத்துகள்தான் திரையில் வரும், எதுவும் ஓடாது. இணையதளங்களுக்கு இதனால் பாதிப்பில்லை. பிரவுசர் தன் ஜேஎஸ்ஸைத் தானே இயக்கிக்கொள்ளும். இஎக்ஸ்இ வகையை மட்டும் தொடாதீர்கள்.

கைபேசியில் இதே ஆபத்துக்குப் பெயர் ஏபிகே. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். ஏபிகே என்று முடிந்தால் அது நிறுவப்படக் காத்திருக்கும் செயலி. ஆண்ட்ராய்டு அமைப்புகளில், தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

வைரஸே இல்லாமல் நடக்கும் சேதம் எனக்கு இன்னும் அதிகக் கவலை தருகிறது. வங்கிகளிலிருந்தும் அரசுத் தளங்களிலிருந்தும் இறக்கும் சிஎஸ்வி கோப்புகளை, அதாவது காற்புள்ளியால் பிரித்த பட்டியல்களைக் கொண்ட எழுத்துக் கோப்புகளைச் சொல்கிறேன். எக்செல் இருக்கும் கணினியில் அவை எக்செல்லில்தான் திறக்கும். 1234567890123456 என்று ஒரு கணக்கு எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் அது 1.23457இ+15 என்று சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். மறுபடி திறந்து பார்த்தால் 1234570000000000. மீதி இலக்கங்கள் போனது போனதுதான். முன்னால் பூஜ்யம் உள்ள எண்களில் பூஜ்யம் உதிரும். தமிழ்ப் பெயர்கள் பல நேரம் புரியாத குறிகளாகச் சிதறும். மரபணு ஆய்வாளர்களே இதில் சலித்துப்போனார்கள்: 'மார்ச்1' என்ற மரபணுவை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் வெளியான பெயரிடல் விதிகள் அத்தகைய மரபணுக்களின் பெயர்களையே மாற்றின.

சம்பளப் பட்டியலை வங்கியில் ஏற்றும் அலுவலகங்களில் சிஎஸ்வியையும் நான் நோட்பேடுக்குத்தான் மாற்றிவைக்கிறேன். கட்டங்களாகப் பார்க்க வேண்டுமென்றால் எக்செல்லை முதலில் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பை உள்ளே எடுக்க வேண்டும். அங்கே எழுத்துக் குறியாக்க முறையாக யுடிஎஃப்-8 என்பதையும், 'டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுத்தால் எண்ணும் தமிழும் வந்தபடியே நிற்கும்.

மாற்றியதை ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். எக்செல் சின்னம் காணாமல் போனதும் யாராவது ஒருவர் வலது கிளிக் செய்து, எக்செல்லைத் தேர்ந்தெடுத்து, 'ஆல்வேஸ்' என்பதை அழுத்திவிடுவார். அந்தப் பெட்டியிலேயே பக்கத்தில் 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்று இன்னொரு பொத்தானும் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுங்கள்.