ஹெட்ஃபோனின் முதுகு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த எச்டி 600, அதே நாட்டு பையர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ: நல்ல ஹெட்ஃபோன் தேடும் எவரும் இந்த இரண்டையும் தாண்டிப் போக முடியாது. இரண்டிலும் ஒலி பிறக்கும் விதம் ஒன்றுதான். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள். மின்னோட்டம் பாய்ந்தால் அது அசைகிறது, அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு காற்றைத் தள்ளுகிறது. ஆனால் ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றிக் கேட்டால், வேறு வேறு அறையில் பாடியதுபோல் இருக்கும். இதற்குக் காரணத்தைச் சவ்வில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி, அதைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது.

சவ்வு காதுப் பக்கம் எவ்வளவு ஒலி எழுப்புகிறதோ, அவ்வளவை முதுகுப் பக்கமும் எழுப்பும். எச்டி 600இன் முதுகில் இருப்பது வெறும் கம்பி வலை. பின்னொலி வெளியே போய்விடுகிறது. டிடி 770இல் ஓடு மூடியிருப்பதால், அது சுவரில் மோதித் திரும்பி, சவ்வை ஊடுருவிக் காதுக்கே வந்து சேரும். இதை அடக்கத்தான் ஓட்டுக்குள் உறிஞ்சும் பொருளை வைக்கிறார்கள். முழுதாக அடங்குவதில்லை. திறந்த வகையை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்ததும் சென்ஹைசர்தான், 1968இல், எச்டி 414 என்ற பெயரில். திறந்த வகையின் ‘விசாலமான’ ஒலிக்கு விலை உண்டு: மின்விசிறிச் சத்தம் உள்ளே வரும், நீங்கள் கேட்கும் பாட்டு பக்கத்து இருக்கைக்கும் போகும். பேருந்தில் போட்டுக்கொள்ள இது ஆகாது.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, விஷயம் இன்னும் சுவாரசியம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டருக்கும் மேல். காதுக்கும் டிரைவருக்கும் (சவ்வும் சுருளும் காந்தமும் சேர்ந்த பகுதி) நடுவே இருக்கும் சில சென்டிமீட்டர் இடத்தில் அந்த அலை விரியவே வழியில்லை. அங்கே நடப்பது, அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது மட்டுமே. அதனால் காதைச் சுற்றியுள்ள மெத்தையான பேட் தலையோடு ஒட்டி உட்கார வேண்டும். கண்ணாடிக் காம்பு ஒரு சிறு இடைவெளி விட்டாலும் அழுத்தம் அதன் வழியே கசிந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலி சப்பென்று ஆகிவிடும். கண்ணாடி போட்டவரும் போடாதவரும் ஒரே ஹெட்ஃபோனுக்கு நேர்மாறாக மதிப்பெண் கொடுப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பேஸுக்கு மேலே காதே விளையாடுகிறது. காது மடலும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாயும் சேர்ந்து, எதிரே உள்ள ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியில் 3000 ஹெர்ட்ஸ் பகுதியைச் செவிப்பறையில் 10 டெசிபலுக்கு மேல் உயர்த்துகின்றன. மூளைக்கு அதுவே இயல்பு. எனவே செவிப்பறையில் தட்டையாக, அதாவது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக, அளவு காட்டும் ஹெட்ஃபோன் மந்தமாகத்தான் கேட்கும். அந்த மேட்டை வடிவமைப்பாளர் வேண்டுமென்றே உருவாக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்பதில்தான் சண்டை. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து வரைந்த, எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொல்லும் இலக்கு வளைகோடு இன்று பலருக்கும் அளவுகோல். எச்டி 600 புகழ்பெற்றது இந்தப் பகுதிக்காகத்தான்: பாடகரின் குரல் சரியான இடத்தில் நிற்கும். ஆழ்ந்த பேஸ் மட்டும் மெல்லச் சரியும். டிடி 770இல் பேஸ் தாராளம்; ஆனால் ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) தூக்கலாக இருப்பதால் ‘ஸ்’ ஒலி சிலருக்குக் குத்தும்.

எச்டி 600இன் அந்த பேஸ் சரிவைத் தவிர்க்க ஒரு வழி பிளேனர் வகை. கம்பித் தடங்கள் சவ்வின் பரப்பெங்கும் படிந்திருப்பதால் சவ்வு முழுதும் ஒன்றாக அசையும். பேஸ் ஆழம்வரை தளராது. காந்த வரிசைகளின் எடையைத் தலைதான் சுமக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆடஸி எல்சிடி 2 அரைக் கிலோவைத் தாண்டும். எச்டி 600 சுமார் 260 கிராம். ஜப்பானின் ஸ்டாக்ஸ் செய்யும் மின்நிலை (எலக்ட்ரோஸ்டாடிக்) வகையில் சுருளே கிடையாது, ஆனால் சவ்வுக்கு 580 வோல்ட் சார்பு மின்னழுத்தம் தரும் தனிக் கருவி வேண்டும்.

வாங்குமுன் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கையும் பாருங்கள். எச்டி 600க்கு 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் அதில் இறங்குவது சுமார் 3 மில்லிவாட்தான். வலுவற்ற ஃபோனில் ஒலி அளவை முழுக்க ஏற்றினாலும் போதாதது போலிருக்கும். டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம்களில் கிடைப்பதால் கையிலிருக்கும் கருவிக்குத் தக்கதை எடுக்கலாம்.

பழைய ஹெட்ஃபோன் ‘ஒலி மாறிவிட்டது’ என்று விற்கக் கிளம்புபவர்கள் முதலில் பேடை அமுக்கிப் பார்க்கட்டும். நுரை தட்டையாகிவிட்டால் டிரைவர் காதை நெருங்கும், காதுக்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள முன்னறையின் கொள்ளளவு குறையும், ஒலியும் மாறும். எச்டி 600இல் பேட், கேபிள் எல்லாமே வீட்டிலேயே கழற்றி மாட்டக்கூடியவை. புது பேடின் விலை புது ஹெட்ஃபோனின் விலையில் ஒரு சிறு பங்குதான்.