பெண் காக்டெயிலில் ‘ஸ்ப்ளிட் லுட்டினோ’ கிடையாது

போன வாரம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அட்டைப்பெட்டியில் மூன்று காக்டெயில் (தலையில் கொண்டை உள்ள சிறு கிளி) குஞ்சுகளைக் கொண்டுவந்தார். மூன்றும் லுட்டினோ, அதாவது சாம்பல் நிறமே இல்லாமல் வெள்ளை மஞ்சளாக, சிவப்புக் கண்ணோடு இருப்பவை. மூன்றுக்குமே கொண்டைக்குப் பின்னால் இறகு இல்லை, வெறும் தோல். ஒன்றுக்கு நிற்கவே தெம்பில்லை. நான்காவது குஞ்சு முந்தின நாள் செத்துவிட்டதாம்.

“விட்டமின் குறைவுதான் சார். நல்ல டானிக்கா எழுதிக் கொடுங்க.”

“தாயும் தகப்பனும் எங்கே வாங்கினது தம்பி?”

“வாங்கலீங்க சார். ரெண்டும் நம்ம கூண்டுல பொரிச்சதுதான்.”

அதாவது, அண்ணனும் தங்கையும். கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் கிளினிக்குக்கு இந்த வருடம் இப்படி வந்த ஆறாவது ஜோடி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை எப்போதும் ஒன்றுதான். இப்படி ஜோடி சேர்க்கிற பறவைகளின் தாய் தகப்பனான சாம்பல் நிற ஜோடியை, “ரெண்டுமே ஸ்ப்ளிட் லுட்டினோ”, அதாவது வெளியே தெரியாமல் லுட்டினோ மரபணுவைச் சுமப்பவை, என்று சொல்லி இரண்டாயிரம் ரூபாய் கூட வாங்கிக்கொண்டு விற்றிருக்கிறார்கள். ஆண் ஸ்ப்ளிட்டாக இருக்கலாம். பெண் இருக்கவே முடியாது.

ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்கள், மனிதர்களில் ஆணுக்கு எக்ஸ் ஒய், பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ். பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரே ஒரு இசட். காக்டெயிலில் லுட்டினோ மரபணு அந்த இசட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு ஒரு இசட்டில் அது இருந்தாலும் இன்னொன்று மூடிவிடும். பார்க்கச் சாம்பலாகத்தான் இருப்பான். அவன்தான் ஸ்ப்ளிட். பெண்ணிடம் ஒளித்துவைக்க இடமில்லை. மரபணு இருந்தால் அவளே லுட்டினோ, இல்லையென்றால் இல்லை. “தாய் லுட்டினோ சார், அதனால மகள் ஸ்ப்ளிட்” என்பார்கள். மகளின் இசட் தகப்பனிடமிருந்து வருவது. தாய் என்ன நிறமாக இருந்தாலும் மகளுக்கு அந்த வழியில் லுட்டினோ வராது.

விற்பவர் எல்லோரும் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஃபிஷர் லவ் பேர்ட்ஸ் என்ற சிறு கிளிகளில் லுட்டினோ இசட்டில் இல்லை, சாதாரண ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அங்கே பெண்ணும் ஸ்ப்ளிட் ஆகும். பட்ஜி என்ற சின்னக் கிளியில் நீல நிறமும் அப்படித்தான். அங்கே படித்ததை அப்படியே காக்டெயிலுக்கும் சொல்லிவிடுகிறார்கள். பீச்ஃபேஸ் என்ற இன்னொரு வகை லவ் பேர்ட்ஸில் லுட்டினோ மறுபடியும் இசட்டில்தான். பெயர் ஒன்று, கணக்கு வேறு. எந்தப் பறவை என்று முதலில் கேளுங்கள்.

ஒரு உபயோகமான விஷயம். தாய் சாம்பலாக இருந்து, கூட்டில் சிவப்புக் கண்ணோடு ஒரு லுட்டினோ குஞ்சு பொரித்தால் அது கட்டாயம் பெண். டிஎன்ஏ டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

சரி, நிறம் வந்துவிட்டது. அதை விட்டுவிடக் கூடாது என்று கூடப் பிறந்ததோடேயே ஜோடி சேர்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. லுட்டினோ காக்டெயில் 1958 வாக்கில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தெரியவந்தது. சில பறவைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்துப் பெருக்கியதில் நிறத்தோடு வழுக்கையும் கூடவே பரவியது. வழுக்கைக்கு டானிக் இல்லை. அதைவிட, வெளியே தெரியாத பலவீனங்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து குஞ்சில் ஒன்றுசேர்கின்றன. குஞ்சு செத்தால் சளி என்கிறீர்கள், சீதோஷ்ணம் என்கிறீர்கள்.

லுட்டினோ மகளுக்கு, உறவில்லாத, ஸ்ப்ளிட் அல்லாத, தலை நிறைய இறகுள்ள சாம்பல் ஆணைப் போடுங்கள். முதல் ஈட்டில் (ஒரு தடவை முட்டையிட்டுப் பொரிப்பது) ஒரு லுட்டினோகூட வராது; மகன்கள் எல்லாம் ஸ்ப்ளிட், மகள்கள் சாம்பல். அந்த மகனுக்கு வெளியிலிருந்து ஒரு பெண். அப்போது வரும். இரண்டு மூன்று வருடம் ஆகும்தான், காத்திருங்கள். பத்து நாள் வாக்கில் குஞ்சின் காலில் வளையம் போட்டு, எது யாருடைய பிள்ளை என்று நோட்டில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும், அப்புறம் கூட்டுப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை (கணவாய் ஓடு) எப்போதும் கூண்டில் தொங்கட்டும்.

நான் அன்றைக்கு டானிக் எழுதவில்லை. நிற்க முடியாததைக் கதகதப்பில் வைத்துக் கையால் ஊட்டச் சொன்னேன். லுட்டினோக்கள் இருட்டில் மிரண்டு கூண்டில் அடித்துக்கொள்ளும், அதனால் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்றேன். அண்ணன் தங்கையை அன்று சாயங்காலமே வேறு வேறு கூண்டில் போட்டுவிட்டதாகத் தம்பி போனில் சொன்னார்.