அனால்ஜெசிக்: வலிநீக்கியா, வலிதணிப்பியா?

மூலிகை ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தலைப்புகள் வந்துகொண்டே இருக்கும்: இன்ன செடியின் இலை, வேர் அல்லது பட்டைச் சாற்றின் 'அனால்ஜெசிக் ஆக்டிவிட்டி'. தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் 'வலி நிவாரணித் திறன்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பொருள் புரிகிறது, தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் உண்மையில் எது அளக்கப்படுகிறது என்று பார்த்தால் இந்தச் சொல் கொஞ்சம் அதிகமாகவே வாக்குக் கொடுத்துவிடுகிறது.

கிரேக்கத்தில் 'ஆல்கோஸ்' என்றால் வலி. முன்னால் வரும் 'அன்' இன்மையைக் குறிக்கும். ஆக, அனால்ஜீசியா என்பது வலி உணராமை; அதை உண்டாக்குவது அனால்ஜெசிக். நரம்பு வலியைச் சொல்லும் நியூரால்ஜியாவிலும் இதே ஆல்கோஸ்தான். நாஸ்டால்ஜியாவும் இந்தக் குடும்பம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1688ல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தால் வாடியவர்களின் நிலையை ஒரு நோயாகவே கருதி, 'ஊர் திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. அனஸ்தீசியா வேறு. அதில் உணர்ச்சியே மரத்துப்போகிறது. அனால்ஜெசிக் கொடுத்தால் தொடுவது தெரியும், நினைவும் இருக்கும், வலி மட்டும் குறையும்.

சரி, தமிழுக்கு வருவோம். 'வலி' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வலிமை. 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்' என்று குறள் பேசுவது உடம்பு வலியைப் பற்றி அல்ல. வள்ளுவர் கையில் 'வலிநீக்கி' என்று எழுதிய மாத்திரையைக் கொடுத்தால், இருக்கிற பலத்தை எடுத்துவிடும் மருந்து என்றுதான் நினைத்திருப்பார். அந்தக் காலத்தில் வலியைச் சொன்ன சொல் 'நோ'. 'நோம் என் நெஞ்சே' என்று குறுந்தொகைத் தலைவி சொல்வது அதைத்தான். நோவு, நோதல், நோய் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. தெலுங்கில் நொப்பி, கன்னடத்தில் நோவு என்று அவை இன்றும் வலியையே குறிக்கின்றன. தமிழில் 'நோய்' மெல்ல மெல்ல வியாதி என்ற பொருளுக்கு நகர, காலியான இடத்தில் 'வலி' வந்து உட்கார்ந்துகொண்டது. பேச்சில் மட்டும் 'தலை நோகுது' பிழைத்திருக்கிறது. 'நோவகற்றி' என்று அழகாக ஆக்கலாம்தான். ஆனால் இன்றைய வாசகர் ஒரு நொடி நின்று யோசித்தபிறகே புரியும் சொல்லை மருந்துச் சீட்டில் ஏற்றுவது எனக்கு உவப்பில்லை. வலியே இருக்கட்டும்.

சிக்கல் இரண்டாம் பாதியில்தான். 'நிவாரணி' வடமொழி, தடுத்தல், விலக்குதல் என்று பொருள். 'வலிகொல்லி' ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்தது, பூச்சிக்கொல்லியின் தம்பி போல ஒலிக்கிறது. 'வலிநீக்கி' நல்ல தமிழ்தான், ஆனால் முழுவதும் நீக்கிவிடும் என்கிறது. அபினிச் செடியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்டுர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்த மார்ஃபின்கூட எப்போதும் அப்படிச் செய்வதில்லை. அதை எடுத்துக்கொண்டவர்களில் பலர் 'வலி இருக்கிறது, ஆனால் முன்போல வாட்டவில்லை' என்றே சொல்வார்கள். இதற்குப் பொருந்தும் வினை தணித்தல். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று தொடங்கும் குறள்கூட அடுத்து 'அது தணிக்கும் வாய்நாடி' என்றுதான் போகிறது. 'நீக்கும்' என்று சொல்லவில்லை. எனவே என் தேர்வு: மருந்துக்கு வலிதணிப்பி, திறனுக்கு வலிதணிப்பு.

சோதனைகளைப் பார்த்தால் இந்தத் தேர்வுக்கு இன்னொரு காரணமும் கிடைக்கும். சூட்டுத்தட்டுச் சோதனை 1944ல் வுல்ஃபும் மக்டானல்டும் விவரித்தது. ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் தட்டின்மேல் சுண்டெலியை விட்டு, அது பாதத்தை நக்கவோ குதிக்கவோ எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். தோல் வெந்துவிடாமல் இருக்க ஒரு உச்ச நேரம் வைத்து, அதற்குள் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்பே, 1941ல், வாலில் வெப்பக் கதிர் பட்டு எலி வாலை இழுக்கும் நேரத்தை அளக்கும் முறை வந்துவிட்டது. மூன்றாவது முறையில் வயிற்றுக்குள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைச் செலுத்தி, எலி எத்தனை முறை வயிற்றைச் சுருக்கி முறுக்குகிறது என்று எண்ணுவார்கள். ஃபார்மலின் சோதனை இன்னும் நுட்பமானது. எரிச்சலூட்டும் ஃபார்மலின் கரைசலைப் பாதத்தில் ஊசி போட்டதும் வரும் வலியின் முதல் கட்டம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால். சிறிது இடைவெளிக்குப்பின் வரும் இரண்டாம் கட்டத்தில் அழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. சாறு இரண்டு கட்டத்தையும் அடக்கினால் அது மூளை, தண்டுவடத்தில் வேலை செய்கிறது என்றும், இரண்டாவதை மட்டும் அடக்கினால் அழற்சியைத் தடுக்கிறது என்றும் ஊகிப்பார்கள். ஒப்பிடுவதற்கு ஒருபுறம் முதல் வகைக்கு மார்ஃபின், மறுபுறம் அழற்சியைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது டைக்ளோஃபெனாக்.

எல்லாவற்றிலும் கையில் கிடைப்பது நொடிக் கணக்கும் எண்ணிக்கையும்தான். எலி மயங்கிக் கிடந்தாலும் தாமதமாகத்தான் குதிக்கும். தசை தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். அதனால் ஒழுங்கான ஆய்வில் சுழலும் தண்டின்மேல் எலியை நிற்கவைத்து, அதன் சமநிலை கெடவில்லை என்று தனியாகக் காட்டுவார்கள். இந்தச் சோதனை இல்லாத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

அப்படியானால் எலிக்கு வலி குறைந்ததா? வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979ல் தந்து 2020ல் திருத்திய வரையறை, வலியை உடலுணர்வும் மன உணர்வும் கலந்த ஒரு அனுபவம் என்கிறது. எலியின் அனுபவத்தை நாம் அளக்கவில்லை. கேடு செய்யும் தூண்டலை நரம்பு பிடித்து அனுப்புவதையும், அதற்கு உடல் காட்டும் எதிர்வினையையும் அளக்கிறோம். முதல் பாதிக்கு நோசிசெப்ஷன் என்று பெயர். ஊறு செய்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெரிங்டன் என்ற நரம்பியல் ஆய்வாளர் வழியாக வந்த சொல் அது. கவனமாக எழுதுபவர்கள் விலங்குச் சோதனை முடிவை அனால்ஜெசிக் என்று எழுதாமல் 'ஆன்டிநோசிசெப்டிவ்' என்று எழுதுவது இதனால்தான்.

இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் ஊறு என்றால் தொடுவுணர்வு. 'ஊறஞ்சா வெல்படை' என்ற குறளில் ஊறு என்றால் காயம், கேடு. உணர்வும் கேடும் ஒரே சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. நோசிசெப்ஷனை ஊறுணர்வு என்று சொல்லலாம். எலியில் கிடைத்த முடிவு ஊறுணர்வுத் தணிப்பு. மனிதர் வாய்திறந்து 'குறைந்திருக்கிறது' என்று சொன்னபிறகு அது வலிதணிப்பு.

அப்புறம், 'எக்ஸ்ட்ராக்ட்'. லத்தீனில் வெளியே இழுத்தல். சாறு என்றால் பிழிந்தது என்ற நினைப்பு நமக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் காய்ந்த பொடியை எத்தனால், மெத்தனால், நீர் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, கரைப்பானை ஆவியாக்குகிறார்கள். வேதியியல் பாடநூலில் இதற்கு 'சாறு இறக்குதல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. எத்தனாலில் இறக்கிய சாறு, நீரில் இறக்கிய சாறு என்று எழுதினால் போதும். கரைப்பானைச் சொல்லாமல் விட்டால் வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் வைத்ததாகிவிடும்.

சாற்றில் இருப்பதெல்லாம் செடி செய்ததா என்ற கேள்வியும் உண்டு. 2013ல் கேமரூன் நாட்டில் வலிக்குப் பயன்படும் ஒரு மரத்தின் வேரில் டிரமடால் இருப்பதாக ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. அதுவரை ஆலையில் மட்டும் தயாரான வலிமருந்து அது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு நாட்டின் வட பகுதியில் தேடியது. அங்கே மாடுகளுக்கு டிரமடால் கொடுக்கிறார்கள், அது சாணம், சிறுநீர் வழியாக மண்ணுக்கும் வேருக்கும் போகிறது என்று அந்தக் குழு சொன்னது. முதல் குழு விடவில்லை, வாதம் தொடர்ந்தது. கடைசியில் அந்த ஊர் மண்ணிலிருந்து பிரித்த டிரமடாலைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்தார்கள். செடி செய்த பொருள் என்றால் காற்றில் இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் அதில் இருந்தாக வேண்டும். துளியும் இல்லை. பெட்ரோலிய மூலப்பொருளில் செய்த மாத்திரையிலும் அதே முடிவு.