டிஜிட்டல் நேட்டிவ்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

டீச்சர் டிரெய்னிங்னு எங்க போனாலும் இந்த வார்த்தை காதுல விழும், "உங்க பசங்க எல்லாம் டிஜிட்டல் நேட்டிவ்ஸ், பாடம் நடத்துற விதத்தை மாத்துங்க"ன்னு. நெட்டும் செல்போனும் இருக்கிற வீட்டுல பொறந்து, அதோடயே வளர்ந்த பசங்கன்னு அர்த்தம்.

இதைப் பரப்பினவர் மார்க் பிரென்ஸ்கி, அமெரிக்கக்காரர், 2001ல ஒரு கட்டுரையில. டிஜிட்டல் உலகத்தை ஒரு ஊர்னு வெச்சா, பசங்க அந்த ஊர்லயே பொறந்தவங்க, டீச்சருங்க வெளியூர்ல இருந்து குடிவந்தவங்க, எவ்வளவு பழகினாலும் பேச்சுல பழைய ஊர் வாடை அடிக்கும்னார். ஈமெயில் அனுப்பிட்டு "வந்துச்சா"ன்னு போன் போட்டுக் கேக்கிறோமே, அதான் அந்த வாடையாம். 1996லயே ஜான் பெரி பார்லோங்கிற அமெரிக்க எழுத்தாளர் தன்னோட இணைய சுதந்திரப் பிரகடனத்துல இதே உவமையை வெச்சிருந்தார்.

டிஜிட் லத்தீன்ல டிஜிடஸ், அதாவது விரல். நாம விரல் விட்டு எண்றோம்ல, அதே வழியில விரல் எண்ணாச்சு. தமிழ்ல எண்ல இருந்தே எண்ணிமம்னு வெச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். நேட்டிவ் பிறப்புங்கிற வேர்ல இருந்து வந்தது, சிக்கலே அங்கதான், பொறந்ததாலயே தெரியும்னு நினைக்க வெச்சிடுது.

என் வகுப்புல ஒரு ஒன்பதாவது பையன், கட்டை விரலாலயே வீடியோ வெட்டி ஒட்டி பாட்டு போட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவான், ஆனா லேப்ல டைப் பண்ணின கட்டுரையை எங்க சேவ் பண்ணினேன்னு கேட்டா முழிக்கிறான், ஃபோல்டர்னா என்னன்னு அவனுக்கு யாருமே சொல்லித் தரல, பாவம் அவன் தப்பு இல்ல. ஒரே வயசுக்குள்ளயே திறமை ஏகத்துக்கு வித்தியாசப்படுது, தலைமுறையை வெச்சுப் பிரிக்க ஆதாரம் பத்தாதுன்னு 2008லயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க.

அதனால எண்ணிமப் பூர்வகுடின்னு நேரா மொழிபெயர்க்கிறது எனக்கு ஒப்பல, பூர்வகுடிங்கிற சொல்லுக்குப் பின்னாடி நிலம், உரிமைன்னு பெரிய வரலாறு இருக்கு. வயசை மட்டும் சொல்லணும்னா எண்ணிமத் தலைமுறை போதும். டேவிட் ஒயிட், அலிசன் லெ கோர்னுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2011ல வயசையே விட்டுட்டு, நெட்டுல வந்து வேலை முடிச்சுட்டுப் போறவங்க, அங்கயே குடியிருக்கவங்கன்னு பாத்தாங்க, அந்த ரெண்டாவதுக்கு நகரவாசி மாதிரி எண்ணிமவாசின்னு சொல்லலாம், அறுபது வயசு தாத்தாவும் அதுல வருவார்.

இந்த வருஷம் முதல் வாரமே ஃபைலுக்குப் பேர் வைக்கிறதுல இருந்துதான் ஆரம்பிச்சேன், அந்தப் பையன் "கட்டுரை_கடைசி_உண்மையிலேயே கடைசி"ன்னு பேர் வெச்சு, தன் ஃபோல்டரைத் தானே திறந்து காமிச்சான்.