காலை ஊன்றாதீர்கள், பைக் விழட்டும்

“வேகமாகவே போகவில்லை டாக்டர், மெதுவாக உருட்டிக்கொண்டுதான் போனேன்.” கரடுமுரடான பாதையிலும் நெடும்பயணம் போகவென்று செய்த கனமான அட்வெஞ்சர் பைக்கை முதன்முறையாக மண்பாதையில் இறக்கிவிட்டுக் கால் முறிந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவோ மனைவியோ நம்புவதில்லை. நான் நம்புகிறேன். தார்ச்சாலையில் அடிபட்டு வருகிறவர்களின் எலும்பை நொறுக்குவது வேகம். இவர்களுடைய எலும்பை முறிப்பது வண்டியின் எடை, கூடவே அதைத் தாங்கிவிடலாம் என்று நீட்டிய அவர்களுடைய சொந்தக் கால்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கின் எடை 196 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. பக்கவாட்டுப் பெட்டிகளில் கூடாரம், துணிமணி, தண்ணீர் என்று அடைத்தால் இன்னும் ஏறும். ஹிமாலயனின் இருக்கை 825 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குச் சமதளத்திலேயே இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியாது. சரிவில் நிறுத்தினால் ஒரு பக்கம் தரை இன்னும் கீழே போய்விடும். நூறு சிசி பைக்கில் பழகிய கால் அங்கே தரையைத் தேடிப் போகிறது.

அந்த ஒரு நொடியில் நடப்பதைச் சொல்கிறேன். முன்சக்கரம் மணலில் அமுங்கி, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்புகிறது. வண்டி சாய்கிறது. நீங்கள் காலை ஊன்றுகிறீர்கள். பாதம் மணலிலோ கற்களுக்கு இடையிலோ சிக்கி நின்றுவிடுகிறது. வண்டியும் உடம்பும் நிற்கவில்லை, முன்னால் போய்க்கொண்டே இருக்கின்றன. நின்ற பாதத்துக்கும் நகரும் உடம்புக்கும் நடுவில் கால் முறுக்கப்படுகிறது. கணுக்கால் விலகும், அல்லது கணைக்கால் எலும்பு திருகு வடிவில் முறியும். பெட்டி மாட்டியிருந்தால் இன்னொன்றும் உண்டு. ஊன்றிய கால் பின்னுக்குப் போக, பின்னால் வரும் அலுமினியப் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் ஏறும்.

கணைக்கால் எலும்பின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டுப்படும், நடுவில் சதையே இல்லை. அதனால் முறிந்த முனை எளிதில் தோலைக் கிழித்து வெளியே வந்துவிடுகிறது. கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இரத்த ஓட்டமும் குறைவு. அங்கே முறிந்தால் ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆற்றுமணலில் முறிவுக்குள் அழுக்குப் புகுந்திருந்தால் கணக்கு இன்னும் நீளும்.

ஆகவே, சாய்ந்துவிட்ட பைக்கை விட்டுவிடுங்கள். மெதுவாகப் போகும்போது அது விழுந்தால் முதலில் கிராஷ் கார்டும் ஹேண்டிலின் முனையும்தான் அடி வாங்கும். கிளட்ச் லீவர் உடைந்தால் புதிதாக வாங்கி மாட்டலாம். கைப்பிடியை விட்டு, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விலகுங்கள். இது இயல்பாக வராது. கடன் தவணை முடியாத வண்டியை விழவிட யாருக்கும் மனம் வராது என்பது எனக்கும் தெரியும்.

விழாமல் இருக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்டப் பழகுங்கள். முழங்கால் லேசாக மடங்கி, டேங்க்கை அணைத்திருக்கட்டும். உங்களுக்குக் கீழே வண்டி ஆடினாலும் நீங்கள் ஆட மாட்டீர்கள். மணலைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரை மூடுவதுதான் புதியவர்கள் செய்கிற தவறு. மூடினால் எடை முன்னால் போய் முன்சக்கரம் புதைகிறது. உடம்பைச் சற்றுப் பின்னால் வைத்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்தி, சீராக இழுவை கொடுக்க வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிமணலை முதல் நாள் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தச் செம்மணல் தேர்ந்தவர்களையே தள்ளும். காய்ந்த, கல் இல்லாத வெற்றுத்தரை போதும், பெட்டிகளைக் கழற்றிவிட்டு.

செருப்பும் ஓட்டக் காலணியும் வேண்டாம். மலையேற்றக் காலணியும் நடப்பதற்கு மட்டுமே ஏற்றது. கணுக்காலை முறுக்கவிடாத கெட்டி ஓடு உள்ள மோட்டார்சைக்கிள் பூட்ஸ் வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் கூடுதல் விளக்குக்கும் ஸ்டிக்கருக்கும் செலவழித்துவிட்டு இதில் சிக்கனம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் முதலில் எஞ்சினை அணையுங்கள். சூடான சைலன்சர் ஒட்டியிருந்தால் தோல் வெந்துவிடும். காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இரண்டு பேர் வண்டியைத் தூக்கட்டும். விழுந்த வண்டியை நிமிர்த்தும்போது குனிந்து கையால் இழுத்து முதுகில் டிஸ்க் பிதுங்கி வருகிறவர்களும் உண்டு. வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, தொடையின் பலத்தால் பின்னோக்கி எழ வேண்டும். மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் போய் இறங்கிய மறுநாளே இதைத் தனியாகச் செய்தால் மூச்சு வாங்கிவிடும். இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதிக்குப் போகும் கிராம்ஃபூ–பாட்டல் பாதையில் பனி உருகிய ஓடைகள் மதியத்துக்குமேல் பெருகும், காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. அங்கே முறிந்தால் அறுவை அரங்கு வெகுதூரம்.

அடிபட்ட பிறகு ஒன்றில் கவனமாக இருங்கள். கட்டுப்போட்ட காலில் வலி நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டே போய், விரலை லேசாக நீட்டிவிட்டாலே துடிக்கிறது, கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கிறது என்றால், உள்ளே வீக்கத்தின் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் அடைபடுகிறது என்று பொருள். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். வலி மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள், காலை உயரத் தூக்கியும் கட்டாதீர்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டை இந்த நிலையில் போட்டால் என்ன ஆகும் என்பதை, காலை எடுக்க வேண்டிய நிலையில் வந்தவர்களிடம் நாங்கள் பார்த்திருக்கிறோம். கட்டைத் தளர்த்தி, பாதத்தின் நிறத்தையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொண்டே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோரும் கேட்பது, மறுபடி எப்போது பைக் எடுக்கலாம் என்பதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருக்க வேண்டும், அடிபட்ட காலில் மட்டும் வலியில்லாமல் நிற்க முடிய வேண்டும், படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் இறங்க முடிய வேண்டும். முதல் சில வாரம் தார்ச்சாலை மட்டும். கம்பியை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, உறுத்தினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.